சங்கீத வகுப்பில் அலங்காரம் முடிந்துவிட்டது, இனி எங்கே சேர்ப்பது?

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரீச்சரிடம் இரண்டரை வருடமாக வாய்ப்பாட்டு பழகுகிறாள். பன்னிரண்டு பிள்ளைகள் ஒன்றாக இருந்து பாடுகிற வகுப்பு. தாளத்தோடு பாடுகிற ஆரம்பப் பயிற்சிகளான அலங்காரம் முடித்து, கீதம் என்கிற சின்னப் பாட்டு மூன்றும் பாடிவிட்டார்கள். "இதற்கு மேல் நான் எடுப்பதில்லை, வேறு இடம் பாருங்கள்" என்று ரீச்சர் சொல்லிவிட்டார். புலமைப்பரிசில் சோதனையும் முடிந்துவிட்டது, இனி ஆறாம் வகுப்பு. கணவருக்கு வயலின் பழக்க விருப்பம். கனடாவில் இருக்கிற என் தம்பி கீபோர்ட் வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். பக்கத்து வீட்டு அக்கா சென்னையில் ஒருவரிடம் ஒன்லைனில் சேர்க்கச் சொல்கிறார். சங்கீத சபைச் சோதனைக்கு உடனே ஆயத்தப்படுத்துங்கள் என்று சொல்பவர்களும் உண்டு. மகள் வீட்டில் கொப்பியைத் திறப்பதே இல்லை, ஆனால் நாள் முழுக்க எதையாவது பாடிக்கொண்டுதான் திரிவாள். எனக்குச் சங்கீதம் தெரியாது. என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேரே சொல்லிவிடுகிறேன். இன்னும் ஒன்று, ஒன்றரை வருடம் பிள்ளையை வாய்ப்பாட்டிலேயே விடுங்கள். ஆனால் அவளைத் தனியாகப் பாடவைத்து, காது கொடுத்துக் கேட்டு, எங்கே பிசகுகிறது என்று சொல்லித் திருத்துகிற ஒருவரிடம் விடுங்கள். வயலினா, கீபோர்ட்டா, சோதனையா என்பதெல்லாம் அதற்குப் பிறகு பார்க்கலாம். உங்கள் கடிதத்தில் நாலு பக்கமிருந்து நாலு யோசனை வந்திருக்கிறது, பெரும்பாலும் எதைப் படிப்பிப்பது என்பதைப் பற்றியது. எப்படிப்பட்டவரிடம் படிப்பிப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்தக் கட்டத்தில் பெரிய கேள்வி அதுதான்.

பன்னிரண்டு பேர் வகுப்பைக் குறை சொல்லவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அதுதான் நல்ல தொடக்கம். கூச்சம் போகும், எல்லாரும் சேர்ந்து தாளம் போடுகிறபோது தன் கையும் தானாக விழும், மற்றப் பிள்ளைகள் பாடுவதைக் கேட்டே பாதி பாடமாகிவிடும். ஆனால் கூட்டத்தோடு பாடுகிறபோது ஒரு பிள்ளையின் சுருதி விலகினால் மற்றப் பதினொரு குரலும் அதை மூடிவிடும். ரீச்சருக்கும் பிடிபடாது, பிள்ளைக்கும் தெரியாது. இரண்டரை வருடம் இப்படிப் போனால் கொப்பி நிறைந்திருக்கும், எல்லா வரிசையும் மனப்பாடமாக இருக்கும், ஆனால் தனியே பாடச் சொன்னால் அடிப்படை ஸ்வரமான ச எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே "அலங்காரம் முடிந்துவிட்டது" என்பதை வைத்து அடுத்தது என்ன என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளை எங்கே நிற்கிறாள் என்று முதலில் பார்க்க வேண்டும். அதை நீங்களே வீட்டில் பார்க்கலாம், சங்கீதம் தெரியாவிட்டாலும் பார்க்கலாம்.

ஒரு பின்னேரம், வீடு அமைதியாக இருக்கிற நேரத்தில், கைபேசியில் சுருதி கொடுக்கிற ஒரு தம்புரா செயலியைப் போடுங்கள், காசில்லாமலே கிடைக்கும். வகுப்பில் எத்தனை கட்டைச் சுருதி, அதாவது எந்த உயரத்தில் ச வைக்கிறார்கள், என்று மகளிடமே கேளுங்கள், அவளுக்குத் தெரியாவிட்டால் ஐந்து கட்டையில் வையுங்கள். கொப்பி வேண்டாம். ஸ்வரங்களை ஏறியும் இறங்கியும் பாடுகிற முதல் பாடமான சரளி வரிசையில் அவளுக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு மூன்றை ஆறுதலாகப் பாடச் சொல்லுங்கள். நடுவில், அவள் பாட்டில் இருக்கிறபோது, தம்புராச் சத்தத்தை மெல்லக் குறைத்து முழுதாக நிறுத்திவிடுங்கள். அவள் நிறுத்தாமல் பாடி முடித்து, கடைசி சவில் நீட்டி நிற்கட்டும். அப்போது சத்தத்தைத் திரும்பக் கூட்டுங்கள். அவளுடைய சவும் தம்புராவின் சவும் ஒன்றோடொன்று கலந்து ஒரே சத்தமாகக் கேட்டால் சரி. விலகியிருந்தால் காதில் ஒரு உரசல் வரும், அதைக் கேட்க ராகம் தாளம் ஒன்றும் தெரிந்திருக்கத் தேவையில்லை. ஒரு நாளைக்கு இதைச் செய்து முடிவு கட்டாதீர்கள், நாலைந்து நாள் விட்டுவிட்டுச் செய்து பாருங்கள். சளி பிடித்த நாளிலும் அழுதுவிட்டு வந்த நாளிலும் எந்தப் பிள்ளைக்கும் சுருதி நிற்காது.

அடுத்தது தாளம். ஒரு அலங்காரத்தைப் பாடச் சொல்லிவிட்டு முகத்தைப் பார்க்காமல் கையைப் பாருங்கள். மூச்சு எடுக்கிற இடத்தில் கையும் நிற்கிறதா? கடினமான இடம் வந்தால் கை வேகமாகிறதா, சுகமான இடத்தில் சோம்புகிறதா? அப்படியென்றால் கை பாட்டின் பின்னால் போகிறது, தாளம் இன்னும் உள்ளுக்குள் இறங்கவில்லை. வாய் நின்றாலும் கை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தால், உங்கள் ரீச்சர் நல்ல வேலை செய்திருக்கிறார்.

மூன்றாவது ஒன்று உண்டு, இதை விளையாட்டாக மட்டும் செய்யுங்கள். நாள் முழுக்கப் பாடிக்கொண்டு திரிகிறாள் என்று எழுதினீர்கள் அல்லவா, அப்படி அவள் வாயில் இருக்கிற ஒரு பாட்டின் முதல் வரியை எடுத்து, இதை ஸ்வரமாகப் பாடிப் பார், ச எங்கே வருகிறது என்று கேளுங்கள். முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள், பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த வயதில் முடியாது. அரைகுறையாகவாவது கண்டுபிடித்தாள் என்றால் காது திறந்துவிட்டது என்று அர்த்தம், அந்தக் காதை வீணாக்காத ஆசிரியர் வேண்டும்.

சுருதி விலகுகிறது என்று தெரியவந்தால் பயப்படாதீர்கள். கூட்ட வகுப்பிலிருந்து வருகிற பிள்ளைகளில் மிகப் பலருக்கு இருப்பதுதான். தனியாக இருத்திப் பாடவைத்தால் சில மாதங்களில் பெரும்பாலும் சீராகிவிடும். ஆனால் அந்த நிலையில் உள்ள பிள்ளையின் கையில் வயலினைக் கொடுக்கக் கூடாது. வீணையில் விரல் வைக்கிற இடத்தைக் காட்ட மெட்டு இருக்கிறது, கீபோர்ட்டில் தட்டுகிற கட்டை இருக்கிறது, வயலினில் விரல் எங்கே விழ வேண்டும் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். காதே தடுமாறுகிறபோது விரல் எங்கே போய் நிற்கும்?

இனி ஆசிரியர். திருகோணமலையில் ஆளில்லாமல் இல்லை. பாடசாலையில் சங்கீதம் படிப்பித்துவிட்டுப் பின்னேரத்தில் வீட்டில் வகுப்பு எடுப்பவர்கள், மட்டக்களப்பில் கல்லடி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலோ யாழ்ப்பாணத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகத்திலோ பட்டம் முடித்து ஊருக்குத் திரும்பி வந்தவர்கள் என்று உவர்மலை, லிங்கநகர், அன்புவழிபுரம் பக்கங்களில் விசாரித்தால் கிடைப்பார்கள். பட்டம் இருப்பது நல்லதுதான், முறையாகப் படித்திருக்கிறார் என்பதற்கு அது சாட்சி. ஒரு பத்து வயதுப் பிள்ளையோடு பொறுமையாக இருந்து படிப்பிப்பாரா என்பதைப் பட்டம் சொல்லாது. அதை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். சேர்ப்பதற்கு முன் ஒரு வகுப்பில் ஓரமாக இருந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர்கள் அதைத் தவறாக எடுப்பதில்லை.

போனால் எதைப் பார்ப்பது? உதாரணத்துக்கு ஒரு பிள்ளை மலஹரி ராகத்தில் கீதம் பாடுகிறது என்று வையுங்கள். மலஹரியின் ரி சவுக்கு மிகக் கிட்ட இருக்கிற சுத்த ரிஷபம், பிள்ளைகள் அதைச் சற்று மேலே தூக்கிப் பாடிவிடுவார்கள். அதோடு ஏறுகிறபோது அந்த ராகத்தில் க கிடையாது, இறங்குகிறபோது மட்டும்தான் வரும். ஆரம்பப் பாடங்களுக்குரிய மாயாமாளவகௌளை ராகத்திலேயே பழகிய வாய் ஏறும்போதும் தெரியாமல் கவைத் தொட்டுவிடும். இப்போது ஆசிரியர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். "திரும்பப் பாடு, திரும்பப் பாடு" என்று நாலு தரம் சொன்னால் பிள்ளை நாலாம் தரம் இன்னும் சத்தமாகப் பாடும், பிழை அப்படியே இருக்கும். இன்னொருவர் பாட்டை நிறுத்திவிட்டு, "முதலில் சவில் நில்லு. நின்றாயா? இப்ப ரி. இன்னும் கீழே வா... ஆ, அதுதான், அதிலேயே நில்லு" என்று தானும் பாடிக் காட்டி, பிள்ளை அந்த ஸ்வரத்தைக் காதால் பிடிக்கும்வரை காத்திருப்பார். பிறகுதான் வரிக்குத் திரும்புவார். இந்த இரண்டு பேரில் யாரிடம் விடுவது என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. ஒரு மணித்தியால வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தரமாவது தனியாகப் பாடுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

சுருதியையும் கவனியுங்கள். கூட்ட வகுப்பில் எல்லாருக்கும் ஒரே சுருதி, அது பெரும்பாலும் படிப்பிப்பவருக்குச் சுகமான சுருதியாகத்தான் இருக்கும். பெண்பிள்ளைகளுக்குப் பொதுவாக ஐந்து, ஐந்தரைக் கட்டை பொருந்தும், சிலருக்கு ஆறு. முதல் நாளே சுருதியைக் கூட்டியும் குறைத்தும் வைத்து, கீழே எதுவரை இறங்குகிறாள், மேலே எங்கே கத்தத் தொடங்குகிறாள் என்று பார்த்து அவளுக்கென்று ஒரு சுருதியைத் தீர்மானிக்கிற ஆசிரியர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். பொருந்தாத சுருதியில் வருடக்கணக்கில் பாடினால் குரல் இறுகிப்போகும்.

அப்புறம் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: "ஆறு மாதத்தில் என்ன படிப்பிப்பீர்கள்?" நாலு வர்ணம், பத்துக் கீர்த்தனை என்று உடனே கணக்குச் சொல்பவரிடம் கொஞ்சம் யோசியுங்கள். "இதுவரை படித்ததை மூன்று காலத்திலும் பாடச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" (காலம் என்றால் இங்கே வேகம்) என்பவரிடம் நம்பி விடலாம். அவர் பிள்ளையைத் திரும்பச் சரளி வரிசைக்குக் கொண்டுபோனாலும் முகம் சுளிக்காதீர்கள். "இரண்டரை வருடம் படித்ததைத் திரும்பவுமா? இதற்கா காசு கட்டுகிறோம்?" என்று கோபித்துக்கொண்டு வகுப்பை மாற்றுகிற பெற்றோர்கள் இருக்கிறார்கள், அதில் நட்டம் பிள்ளைக்குத்தான். அதே வரிசையை ஸ்வரப் பெயர் சொல்லாமல் 'ஆ' என்று அகாரத்தில், மூன்று காலத்தில், சுருதி பிசகாமல் பாடுவது முற்றிலும் புதிய பாடம். பெயர் சொல்லிப் பாடுகிறபோது வாய் பழக்கத்தில் ஓடிவிடும், அகாரத்தில் பிடித்துக்கொள்ள எழுத்து இல்லை, காது ஒன்றுதான் துணை. அந்த அடித்தளம் சரியாக விழுந்தபின் அடுத்த பாடங்களான ஜதிஸ்வரம், ஸ்வரஜதி, அதற்குப் பிறகு ஆதி தாளத்தில் ஒரு வர்ணம். ஒரு வர்ணத்தில் பல்லவி, அனுபல்லவி, முக்தாயி ஸ்வரம், சரணம், அதன் ஸ்வரங்கள் என்று பல பகுதி இருக்கிறது, இரண்டு காலத்தில் பாட வேண்டும். ஒரு வர்ணத்துக்குச் சில மாதம் போனால் போகட்டும், அந்த ராகத்தின் கமகங்கள், அதாவது ஸ்வரங்களின் அசைவுகள், அதோடு குரலில் படிந்துவிடும். அவசரமாக ஓடி முடித்த நாலு வர்ணத்தில் அது படியாது.

காசு விஷயம். கிழமையில் இரண்டு நாள் கூட்டத்தோடு இருப்பதைவிடக் கிழமைக்கு ஒரு நாள் அரை மணித்தியாலம் தனியாக இருப்பது மேல். தனி வகுப்பு கட்டுப்படியாகாது என்றால் அதே நிலையில் உள்ள இன்னொரு பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு இரண்டு பேராகப் போகலாம், ஒரு பிள்ளை திருத்தப்படுவதை மற்றப் பிள்ளை கேட்பதும் படிப்புத்தான். புதிய பாடத்தின் வரிகளை ஆசிரியர் பாடிக் கைபேசியில் பதிய விடுவாரா என்று மரியாதையாகக் கேளுங்கள். வீட்டில் கொப்பியைவிட அந்தப் பதிவுதான் உதவும்.

இனிச் சோதனை. நம் பகுதியில் சங்கீத சபை என்றால் வட இலங்கைச் சங்கீத சபைதான். தரம் தரமாக ஏறி ஆசிரியர் தரம், கலாவித்தகர் என்று போகிற அந்தப் பாதைக்கு இங்கே மதிப்பு இருக்கிறது, அது நியாயமான மதிப்பு. அறிமுறையும் செயன்முறையும் இரண்டும் இருப்பதால் பிள்ளை பாடுவதோடு ராக இலக்கணம், தாளம் எல்லாம் ஒழுங்காகப் படிக்கும். ஒரு நாள் குறித்து அதற்குள் முடிக்க வேண்டும் என்கிற ஒழுங்கும் வரும். எனக்குப் பயம் வேறு. சோதனை வந்தவுடன் பாடத்திட்டமே வகுப்பாகிவிடுகிறது. இந்த வருடம் இந்தத் தரத்துக்கு இத்தனை பாட்டு, அதை உருப்போட்டுப் பாடி முடித்தால் அடுத்த தரம் என்று போய், மேல் தரச் சான்றிதழ் கையில் வைத்திருக்கிற பிள்ளையிடம் பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு சின்னப் பாட்டைக் கொடுத்தால் அதன் ராகம் பிடிபடாமல் விழிக்கிறது. பாவம், பிள்ளை என்ன செய்யும். ஆகவே புதிய ஆசிரியரிடம் சேர்ந்த முதல் வருடம் சோதனை வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அதற்குப் பிறகு, இவள் ஆயத்தம் என்று ஆசிரியர் சொல்கிறபோது போகட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை எந்தத் தரம் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஆறாம் வகுப்பில் அழகியற் பாடம் தெரிவு செய்யச் சொல்வார்கள். பாடசாலையில் கர்நாடக சங்கீதம் இருந்தால், மகளுக்கும் விருப்பம் என்றால், அதையே போடுங்கள். சாதாரண தரத்தில் அதைத் தொகுதிப் பாடமாக எடுக்கலாம், உயர்தரத்திலும் இருக்கிறது, கல்லடிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போகிற வழி அப்படித்தான். பத்து வயதில் அதையெல்லாம் தீர்மானிக்கத் தேவையில்லை, வழி அடைபடாமல் இருந்தால் போதும். பாடசாலைக்குப் போனதும் தமிழ்த்தினப் போட்டிக்குத் தனி இசைக்கோ குழு இசைக்கோ கூப்பிடுவார்கள். போகட்டும், மேடை பழகுவது நல்லது. ஆனால் கோட்டம், வலயம், மாகாணம் என்று போகப் போக ஒரே பாட்டை மாதக்கணக்கில் தேய்க்க வேண்டி வரும், அந்த நாட்களிலும் வீட்டில் வரிசைப் பயிற்சி நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவருக்கு: வயலின் ஆசை நல்ல ஆசை, அதை நான் தள்ளிவைக்கச் சொல்கிறேனே தவிர விடச் சொல்லவில்லை. வாய்ப்பாட்டு உறுதியான பிள்ளை வயலினுக்கு வந்தால், எந்த ஸ்வரம் எங்கே என்று காதுக்கு முன்னமே தெரியும், விரலுக்கும் வில்லுக்கும் மட்டும் பயிற்சி போதும். ஒரு வருடம் கழித்தும் மகளே கேட்டால் தாராளமாகத் தொடங்குங்கள். அப்போது அளவு பார்த்து வாங்குங்கள். முழு அளவுக்குக் கீழே முக்கால், அரை என்று வயலின் இருக்கிறது, பத்து வயதுக் கைக்குப் பெரும்பாலும் முக்கால் அளவுதான் சரிவரும். ஒல்லியான சின்னப் பிள்ளை என்றால் அரை. படிப்பிக்கப் போகிறவர் பிள்ளையின் கையைப் பார்த்துச் சொன்ன பிறகே காசைக் கொடுங்கள். உப்புவெளியில் கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கிறீர்கள், உப்புக் காற்றில் கம்பி கெதியாகத் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியையும் பலகையில் விழுந்த குங்கிலியத் தூளையும் துடைத்து, வில்லின் திருகைத் தளர்த்தி, பெட்டிக்குள் வைத்து மூட வேண்டும். மேசையில் திறந்தபடி கிடந்தால் கச்சான் காலத்து வெக்கையும் மாரி ஈரமும் மாறி மாறி அடித்து ஒட்டு விட்டுப்போகும். முதல் வருடம் வீட்டில் வருகிற கீச்சுச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளவும் ஆயத்தமாக இருங்கள், அந்த நேரத்தில் "நிப்பாட்டு" என்று ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளை அதோடு வில்லை வைத்துவிடும்.

கீபோர்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நம் சங்கீதத்தில் ஸ்வரத்தோடு ஸ்வரம் வழுக்கி அசைகிற கமகம்தான் உயிர், கட்டைக்குக் கட்டை தாவுகிற வாத்தியத்தில் அது சரியாக வராது. அதைத் தட்டித் தட்டிப் பாடிப் பழகினால் குரலும் தட்டையாகிவிடும். மேலைத்தேய இசையில் விருப்பம் வந்து, இங்கிலாந்தின் டிரினிட்டி அல்லது றோயல் ஸ்கூல்ஸ் இசைச் சோதனைப் பாதையில் போகப்போகிறாள் என்றால் அது வேறு கதை, அதற்கென்று தனி ஆசிரியர் வேண்டும், நல்ல பாதைதான். தம்பி ஆசைப்பட்டு அனுப்பத்தான் போகிறார் என்றால், சின்னக் கட்டைகள் உள்ள விளையாட்டுக் கீபோர்ட் வேண்டாம், முழு அளவுக் கட்டை 61 இருக்கிற, அழுத்தத்துக்கு ஏற்பச் சத்தம் மாறுகிற ஒன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230. அடாப்டரில் 100 முதல் 240 வரை என்று எழுதியிருக்கிறதா என்று வாங்கும்போதே பார்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் செருகின அன்றே எரிந்துவிடும்.

சென்னை ஒன்லைன் வகுப்பு. பெரிய பிள்ளைகளுக்கு, வர்ணம் கீர்த்தனை பாடுகிற நிலைக்கு வந்தவர்களுக்கு, அது நல்ல வாய்ப்பு, நேரமும் நமக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான். உங்கள் மகளுக்கு இப்போது வேண்டாம் என்பேன். இணையத்தில் சத்தம் சற்றுப் பிந்தித்தான் போய்ச் சேரும், அதனால் ஆசிரியரும் பிள்ளையும் சேர்ந்து பாட முடியாது, தாளம் சேராது. சுருதி தடுமாறுகிற பிள்ளைக்கு ஆசிரியரின் குரலோடு குரல் வைத்துப் பாடுவதுதான் மருந்து, அது அங்கே கிடைக்காது. இன்னொன்று, சூம் போன்ற செயலிகள் தம்புராவின் விடாத ஓசையை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அமுக்கிவிடும். எப்போதாவது ஒன்லைனில் சேர்த்தால் அமைப்பில் போய் ஒரிஜினல் சவுண்டை இயக்கிவிடுங்கள், இரண்டு பக்கமும் அவரவர் தம்புராவைத் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்குக் கடிதத்திலேயே மிகப் பிடித்தது. கொப்பியைத் திறப்பதில்லை, ஆனால் பாடிக்கொண்டே திரிகிறாள். இதைச் சோம்பல் என்று நினைத்து ஏசிவிடாதீர்கள். அவளிடம் பாட்டு இருக்கிறது, கொப்பியில் உள்ளதுக்கும் அந்தப் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் காட்டித்தரவில்லை, அவ்வளவுதான். புதிய ஆசிரியரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். பாடத்திட்டத்துக்கு வெளியே மாதம் ஒரு சின்னப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். நம் ஊர்ப் பிள்ளைக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. கோணேஸ்வரத்துக்குச் சம்பந்தர் பாடிய பதிகம் பழந்தமிழ்ப் பண்களில் ஒன்றான புறநீர்மைப் பண், அதைப் பூபாள ராகத்தில் பாடுவார்கள். பூபாளத்தில் ஐந்தே ஸ்வரம்: ச ரி க ப த. இதில் ச, ரி, ப, த நாலும் மாயாமாளவகௌளையில் உங்கள் மகள் இரண்டரை வருடமாகப் பாடிவருகிற அதே ஸ்வரங்கள். க மட்டும் சற்றுக் கீழே இறங்கும். அந்த ஒரு ஸ்வரம் இறங்கியதும் ராகத்தின் முகமே மாறிவிடுவதை அவள் தன் குரலிலேயே கேட்கட்டும். சரளி வரிசை எதற்கு என்று அன்றைக்கு விளங்கும், பிறகு கொப்பியைத் திற என்று நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது.

கேட்பதும் படிப்புத்தான். யூரியூப்பில் கேட்கலாம், ஆனால் நேரில் கேட்பதற்கு அது ஈடில்லை. கோணேஸ்வரத்திலோ பத்திரகாளி அம்மன் கோயிலிலோ திருவிழாவுக்குப் போனால் சுவாமி வெளியே வருகிறபோது நாதஸ்வரக்காரருக்குக் கிட்டப் போய் நில்லுங்கள். புறப்பாட்டில் அதற்கென்றே உள்ள மல்லாரி வாசிப்பார்கள், கம்பீரநாட்டை ராகம். பாடம் மாதிரி ஒன்றும் விளக்க வேண்டாம். தவிலோடு சேர்த்து அந்த ராகத்தை ஒரு பிள்ளை பத்து நிமிடம் பக்கத்தில் நின்று கேட்டால் அது காதிலிருந்து போகாது.

வீட்டுப் பயிற்சிக்கு நாளுக்கு இருபது நிமிடம் போதும், ஆனால் நாள் தவறக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம் இருத்திப் பாடவைத்து மற்ற நாளெல்லாம் விடுவதில் பிரயோசனமில்லை. ரியூசனால் வந்து முகம் கழுவித் தேத்தண்ணி குடித்த பிறகு ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து நிமிடம் தம்புராவோடு ச, ப, மேல் ச மட்டும் நீட்டி நீட்டிப் பாடட்டும். பிறகு அந்தக் கிழமைப் பாடம். கடைசியில் அவளுக்குப் பிடித்த ஒரு பாட்டு, சினிமாப் பாட்டாக இருந்தாலும் பரவாயில்லை, தம்புராவை நிறுத்தாமல் அதன்மேல் பாடட்டும். எனக்குச் சங்கீதம் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். தம்புராவைப் போட்டுவிட்டு, கைபேசியில் வேறொன்றும் பார்க்காமல், அந்த இருபது நிமிடமும் அவளுக்குப் பக்கத்தில் இருங்கள். உங்களிடம் நான் கேட்பது அவ்வளவுதான். அம்மா கேட்கிறார் என்றால் பிள்ளை பாடும்.

இப்போது படிப்பிக்கிற ரீச்சரிடம் ஒன்றும் சொல்லாமல் நழுவிவிடாதீர்கள். "இதற்கு மேல் நான் எடுப்பதில்லை" என்று தானே முன்வந்து சொன்னவர் நேர்மையான மனுசி, தெரியாததையும் படிப்பித்துக் காசு வாங்கிக்கொண்டிருக்கலாம், அதைச் செய்யவில்லை. மகளையும் கூட்டிக்கொண்டு வெற்றிலை பாக்கு, பழத்தோடு போய் நன்றி சொல்லிவிட்டு, தனியாக இருத்திப் பாடவைக்கிற ஆசிரியர் யாராவது தெரியுமா என்று அவரிடமே கேளுங்கள். மகளின் குரலை இரண்டரை வருடம் கேட்டவர் அவர். அவர் ஒரு பெயர் சொன்னால், முதலில் அங்கே போய் ஓரமாக இருந்து ஒரு வகுப்பைப் பாருங்கள்.